குமரி மாவட்ட மகளிர் கல்லூரிகளில் மொழிப்பாடம்: எப்படி வளர்ந்தது, பகுதி 1-ல் எதை எடுப்பது?

கேட்கப்பட்ட கேள்வி இது. குலசேகரம் பக்கம் +2 முடித்த தங்கை மகளை நாகர்கோவிலில் ஒரு மகளிர் கல்லூரியில் சேர்க்கப் போகிறார் ஒருவர். "எங்கள் காலத்தில் மொழி என்றால் தமிழ், ஆங்கிலம் இரண்டுதான். இப்போது பகுதி 1-ல் மலையாளம், இந்தி, ஃபிரெஞ்சு என்றெல்லாம் சொல்கிறார்கள். இதெல்லாம் எப்படி வந்தது? ஃபிரெஞ்சு எடுத்தால் மார்க் வரும் என்கிறார்களே, எடுக்கலாமா? பி.ஏ. தமிழ் படித்தால் வேலை கிடைக்குமா?" என்று கேட்டிருக்கிறார்.

முதலில் நேரடியான பதில்: வீட்டில் தமிழ் பேசி, தமிழில் படித்து வந்த பெண் பகுதி 1-ல், அதாவது பட்டப்படிப்பில் தமிழோ வேறொரு மொழியோ தேர்ந்தெடுக்கும் பாடத்தில், தமிழையே எடுக்கட்டும். மார்க்குக்காக மட்டும் ஃபிரெஞ்சு வேண்டாம். இந்த மாவட்டத்தில் மொழிப்பாடம் எதற்காக வளர்ந்தது என்று தெரிந்தால் நான் ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பது புரியும். மொழித்துறையில் பல ஆண்டுகள் பாடம் நடத்தியவள் என்ற முறையில் என் கருத்து இது: இங்கே மொழித்துறைகளைப் பெரிதாக்கியது பாடத்திட்டக் குழுக்கள் இல்லை. படித்துச் சம்பாதிக்க வேண்டும் என்று வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்த பெண்கள்தான். எந்த மொழி அவர்களுக்குச் சோறு போட்டதோ அந்தத் துறை வளர்ந்தது.

கல்லூரிகளுக்கு முன்னால் கொஞ்சம் பள்ளிகளைப் பார்க்க வேண்டும். 1818-ல் லண்டன் மிஷன் என்ற கிறிஸ்தவ ஊழிய அமைப்பு தன் தலைமையிடத்தை மயிலாடியிலிருந்து நாகர்கோவிலுக்கு மாற்றியது. அடுத்த சில ஆண்டுகளில் அதன் மிஷனரிகளான மீட் ஐயர், மால்ட் ஐயர் இருவரின் மனைவியரும் பெண் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார்கள். இன்று டதி பள்ளி என்று நாம் சொல்லும் பள்ளியின் வேர் அங்கேதான் இருக்கிறது. காலையில் தமிழ் வாசிப்பு, பிறகு லேஸ் பின்னல் என்று இரண்டும் சேர்ந்தே நடந்தன. லேஸ் விற்ற காசில் அந்தப் பெண்களுக்குப் பங்கு உண்டு. அந்தக் காசில் அடிமைத்தனத்திலிருந்து தங்களை மீட்டுக்கொண்ட பெண்களும் இருந்தார்கள். 1820-களின் தொடக்கத்தில் நாகர்கோவிலில் அச்சுக்கூடமும் வந்துவிட்டதால் பள்ளியில் படிப்பதற்கு அச்சிட்ட தமிழ்ப் புத்தகம் கிடைத்தது. பெண்கள் மேலாடை உடுத்தும் உரிமைக்கான தோள்சீலைக் கலகம் தொடங்கியதும் அதே காலத்தில்தான். 1859-ல் அன்று இந்தப் பகுதியை ஆண்ட திருவிதாங்கூர் அரசின் பிரகடனம் வரும்வரை அது நீண்டது. நம் ஊர்ப் பெண்கள் எழுத்துப் படித்ததும், மரியாதையோடு உடுத்தும் உரிமையைக் கேட்டதும், கையில் காசு பார்த்ததும் ஒரே தலைமுறைக்குள் நடந்தன. இந்த மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துப் பேச எனக்கு மனம் வருவதில்லை.

அப்புறம் ஒரு நூறு ஆண்டுக்கு மேல் மேல்படிப்பு என்றாலே திருவனந்தபுரம்தான். பல்கலைக்கழகமும் அங்கேதான், 1937-ல் தொடங்கிய திருவிதாங்கூர் பல்கலைக்கழகம். ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி நாகர்கோவிலில் 1893 முதல் இருந்தாலும் பெண்களுக்கென்று தனிக் கல்லூரி இங்கே கிடையாது. தேரூரில் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை கோட்டாறு, நாகர்கோவில், திருவனந்தபுரம் என்று 36 ஆண்டுகள் ஆசிரியராக இருந்தவர். அதில் திருவனந்தபுரத்தில் பெண்களுக்குக் கற்பித்த காலமும் அடக்கம். பர்மாவில் பிறந்து, புலியூர்க்குறிச்சியைச் சொந்த ஊராகக் கொண்ட ஹெப்சிபா ஜேசுதாசன் திருவனந்தபுரத்தில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டே நம் ஊர்ப் பனைத்தொழிலாளர் வாழ்க்கையைத் தமிழ் நாவலாக எழுதினார். இப்படிப்பட்ட ஆசிரியர்களிடம் படிக்க வேண்டுமென்றால் அந்நாளில் ஒரு பெண் வீட்டை விட்டு, விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும். எத்தனை வீட்டில் விடுவார்கள்?

1956 நவம்பர் 1 எல்லாவற்றையும் மாற்றியது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தாலுகாவும் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாகாணத்தோடு சேர்ந்தன. மார்ஷல் நேசமணி நடத்திய போராட்டமும், 1954 ஆகஸ்ட் 11-ல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூட்டில் விழுந்த உயிர்களும் அதன் விலை. மொழிப்பாடம் கற்பித்தவர்கள் கண்ணோடு பார்த்தால் அந்த நாள் வேறொரு வகையிலும் பெரியது. அதுவரை மலையாளத்தில் நடந்த அரசு அலுவலகம் தமிழுக்கு மாறியது. தாலுகா ஆபீஸ், பள்ளிக்கூடம், கோர்ட் எல்லாவற்றுக்கும் நல்ல தமிழ் எழுதத் தெரிந்த ஆட்கள் வேண்டியிருந்தது. பள்ளிகளுக்குத் தமிழாசிரியர்கள் வேண்டியிருந்தது. அந்த இடங்களில் கணிசமானவை பெண்களுக்கு வந்தன. ஊரிலேயே வேலை, மரியாதையான வேலை, வீட்டில் மறுப்புச் சொல்ல முடியாத வேலை.

இந்தப் பின்னணியில்தான் மகளிர் கல்லூரிகள் வருகின்றன. 1965-ல் திருச்சிலுவைச் சகோதரிகள் புன்னைநகரில் ஹோலி கிராஸ் கல்லூரியைத் தொடங்கினார்கள். 1973-ல் சி.எஸ்.ஐ. திருமண்டிலத்தின் பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரி நாகர்கோவிலில் தொடங்கியது. பிறகு சுங்கான்கடையில் ஸ்ரீ அய்யப்பா மகளிர் கல்லூரி. காலையில் பஸ் ஏறி மாலையில் வீடு திரும்பலாம் என்ற ஒரே காரணத்தால் கல்லூரிப் படிப்பு கிடைத்த பெண்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். கடற்கரை ஊர்களிலிருந்தும், பேச்சிப்பாறை, அருமனை போன்ற மேற்குப் பகுதிகளிலிருந்தும் அப்படி வந்தார்கள். நம் மாவட்டம் 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு மாநிலத்தில் முதலிடத்தில் இருந்தது. அந்த எண்ணிக்கைக்குப் பின்னால் இந்தப் பஸ் பயணங்களும் இருக்கின்றன.

ஆரம்ப காலத்தில் பெரிய வகுப்பு பி.யு.சி. வகுப்புதான், பட்டப்படிப்புக்கு முன்னால் கல்லூரியில் படித்த புகுமுக வகுப்பு. பதினொன்றாம் வகுப்பு முடித்த பதினாறு வயசுப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வந்து உட்காருவார்கள். தமிழும் ஆங்கிலமும் எல்லோருக்கும் பொது என்பதால் மொழி ஆசிரியர்களுக்குத்தான் அதிக வகுப்பு. 1978-ல் தமிழ்நாடு +2 முறைக்கு மாறியதும் பி.யு.சி. கல்லூரியை விட்டுப் பள்ளிக்குப் போய்விட்டது. மொழித்துறைக்கு அது இழப்பு போலத் தெரிந்தாலும் நடந்தது வேறு. மேல்நிலைப் பள்ளிகளில் முதுகலை ஆசிரியர் பணியிடங்கள் உருவாயின. எம்.ஏ. தமிழ், எம்.ஏ. ஆங்கிலம், கூடவே பி.எட். வைத்திருந்தால் பள்ளியில் வேலை என்ற நிலை வந்தது. அதனால் மொழியைப் பொதுப்பாடமாக மட்டும் நடத்திய துறைகளுக்குப் பட்டப்படிப்பு, பிறகு முதுகலை, பிறகு ஆய்வு என்று மேலே போக வழி கிடைத்தது. இந்த மாவட்டத்தில் மொழித்துறைகள் வளர்ந்ததற்கு ஒரே ஒரு காரணம் சொல்லச் சொன்னால் இந்த 1978-ஐத்தான் சொல்வேன்.

பல்கலைக்கழகமும் மாறிக்கொண்டே இருந்தது. திருவிதாங்கூர், பிறகு சென்னை, 1966 முதல் மதுரை, 1990 முதல் திருநெல்வேலியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம். பல்கலைக்கழகம் பக்கத்தில் வர வர, பாடத்திட்டத்திலும் வட்டாரத்துக்குக் கொஞ்சம் இடம் கிடைத்தது. நாட்டார் வழக்காற்றியல் ஒரு பாடமாக உள்ளே வந்ததை நான் பெரிய நன்மையாக நினைக்கிறேன். வில்லுப்பாட்டும் நீலி கதையும் அம்மன் கோயில் கொடையில் கேட்டு வளர்ந்த பிள்ளை, அதையே ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொண்டு சொந்தப் பாட்டியிடம் உட்கார்ந்து எழுதி எடுக்கிறாள். அ. கா. பெருமாள் போன்ற ஆய்வாளர்கள் இந்த மண்ணின் கதைப்பாடல்களைத் தேடிப் பதிப்பித்திருப்பதால் அந்தப் பிள்ளைக்கு முன்மாதிரியும் இருக்கிறது.

சரி, இப்போது உங்கள் விண்ணப்பத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் இளங்கலைப் படிப்பு ஐந்து பகுதிகளாக இருக்கும். பகுதி 1 தமிழ் அல்லது வேறொரு மொழி. பகுதி 2 ஆங்கிலம். பகுதி 3 முதன்மைப் பாடமும் துணைப்பாடமும். பகுதி 4 சுற்றுச்சூழல், விழுமியக் கல்வி, திறன் பாடங்கள் போன்றவை. பகுதி 5 என்.எஸ்.எஸ். மாதிரியான விரிவாக்கப் பணி. வாரத்தில் 30 மணி நேர வகுப்பு என்றால் பொதுவாகத் தமிழுக்கு 6, ஆங்கிலத்துக்கு 6. பி.ஏ., பி.எஸ்சி. வகுப்புகளில் இது முதல் இரண்டு ஆண்டுக்கு ஓடும். சில தொழில்சார் படிப்புகளில் குறைவு. கணக்கோ விலங்கியலோ படிக்கும் பெண்கூட முதல் இரண்டு ஆண்டில் ஐந்தில் இரண்டு பங்கு நேரத்தை மொழி வகுப்பில் கழிக்கிறாள். இவ்வளவு நேரத்தை மார்க் எடுக்க மட்டும் செலவிடுவது எனக்குப் பெரிய வருத்தம்.

ஃபிரெஞ்சு விஷயம் இதுதான். கல்லூரியில் ஃபிரெஞ்சு எழுத்திலிருந்து தொடங்குவார்கள். பாடம் சிறியது, கேள்வி எதிர்பார்த்த மாதிரி வரும், மார்க்கும் வரும். ஆனால் பெரும்பாலான முதுகலைச் சேர்க்கைக்குப் பகுதி 3 மார்க்கைத்தான் முக்கியமாகப் பார்க்கிறார்கள். பகுதி 1-ல் தொண்ணூறு வாங்கி என்ன பயன் என்பது மூன்றாம் ஆண்டில்தான் பலருக்குப் புரிகிறது. ஃபிரெஞ்சை உண்மையாகவே விரும்பி, கல்லூரிக்கு வெளியேயும் தொடர்ந்து படித்து, ஏ2, பி1 என்று (ஐரோப்பிய மொழித்தேர்ச்சிப் படிகள் இவை) நிலைத் தேர்வு எழுதும் எண்ணம் இருந்தால் தாராளமாக எடுக்கட்டும். மொழிபெயர்ப்பு, சுற்றுலா, வாடிக்கையாளர் சேவை என்று அதற்கும் வழி உண்டு. நான்கு பருவத்தோடு (செமஸ்டர்) நிறுத்திவிடுவதாக இருந்தால் வேண்டாம்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. +2 வரை தமிழ் படித்துவிட்டுக் கல்லூரியில் வேறு மொழி எடுக்கும் மாணவி பகுதி 4-ல் சிறப்புத் தமிழ் என்ற ஒரு தாளைப் படிக்க வேண்டும். பள்ளியில் தமிழே படிக்காதவர்களுக்கு அடிப்படைத் தமிழ். ஆக, தமிழை விட்டுவிட்டு வந்தோம் என்று யாரும் முழுதாகத் தப்ப முடியாது. தப்பவும் வேண்டாம்.

ஏனென்றால் வேலைக்கான தேர்வுகளில் தமிழ்தான் இப்போது வாசல். 2021-ல் வந்த ஆணைப்படி டி.என்.பி.எஸ்.சி. தேர்வு எல்லாவற்றிலும் தமிழ்த் தாள் கட்டாயம், அதில் குறைந்தது 40 சதவீதம் எடுக்க வேண்டும். குரூப் 4-ல் மொத்தம் 200 கேள்வி. அதில் 100 தமிழ், அதற்கு 150 மதிப்பெண். தமிழ்ப் பகுதியில் 150-க்கு 60 வாங்காவிட்டால் மற்ற விடைகளைத் திருத்தவே மாட்டார்கள். அந்தத் தமிழ் மதிப்பெண் தரவரிசைக்கும் சேரும். நம் மாவட்டப் பெண்கள் எத்தனை பேர் இந்தத் தேர்வுக்கு வீட்டிலிருந்தும் நூலகத்திலிருந்தும் படிக்கிறார்கள் என்று நாகர்கோவில் மாவட்ட மைய நூலகத்தில் ஒரு காலை வேளை போய்ப் பார்த்தால் தெரியும். பகுதி 1 தமிழை ஒழுங்காகப் படித்தவளுக்கு இலக்கணமும் இலக்கிய வரலாறும் ஏற்கெனவே கையில் இருக்கும். இக்காலக் கவிதை, சிறுகதையில் தொடங்கி, பக்தி இலக்கியம், காப்பியம், சங்க இலக்கியம் என்று பருவத்துக்குப் பருவம் பின்னோக்கிப் போகும் அந்தப் பாடவரிசை தேர்வுக்கும் உதவும், மனசுக்கும் உதவும்.

பி.ஏ. தமிழுக்கு வேலை உண்டா என்றால், உண்டு, ஆனால் பி.ஏ.யோடு நிற்கக் கூடாது. பி.எட். இப்போது இரண்டு ஆண்டுப் படிப்பு. அதோடு ஆசிரியர் தகுதித் தேர்வு, அல்லது எம்.ஏ. முடித்து முதுகலை ஆசிரியர் தேர்வு என்று ஐந்து முதல் ஏழு ஆண்டுக் கணக்கு போட வேண்டும். அரசு வேலைக்குத் தமிழ் வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத முன்னுரிமையும் இருக்கிறது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் அதை நீட்டித்திருக்கிறார்கள். சேர்க்கையன்றே கேட்டு விண்ணப்பித்துவிடுங்கள்.

ஆங்கிலத்தைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கேதான் வளர்ச்சியும் பெரிது, குறையும் பெரிது. 1990-களுக்குப் பிறகு கல்லூரிகளில் சுயநிதிப் பிரிவு, நாம் 'செல்ஃப்' என்று சொல்வது, பெருகியது. புதிதாக வந்த வகுப்புகள் பெரும்பாலும் அதில்தான். எல்லாப் பெற்றோரும் ஆங்கிலம் கேட்டதால் பி.ஏ. ஆங்கிலத்துக்கும் கூடுதல் வகுப்புகள் வந்தன. மொழி ஆய்வகம் வந்தது, கணினி வந்தது, முதலாண்டு தொடக்கத்தில் பள்ளி ஆங்கிலத்துக்கும் கல்லூரி ஆங்கிலத்துக்கும் பாலம் போடும் பிரிட்ஜ் கோர்ஸ் வந்தது. தமிழ் வழியில் படித்து வந்த பெண்ணுக்கு அந்தப் பிரிட்ஜ் கோர்ஸ் மிகவும் முக்கியம். அது இரண்டு வாரத்தில் முடிந்துவிடுகிறது என்பதுதான் குறை. இன்னொரு குறை, செல்ஃப் பிரிவு ஆசிரியர்களுக்குச் சம்பளம் குறைவு. நல்ல ஆசிரியர் ஒருவர் வந்து, பிள்ளைகளோடு பழகி, யாருக்கு எங்கே தடுமாற்றம் என்று தெரிந்துகொள்ளும் நேரத்தில் பள்ளி வேலை கிடைத்துப் போய்விடுகிறார். மற்றப் பாடத்தைவிட மொழிப்பாடத்தில் இது அதிகம் வலிக்கும். வாய் திறந்து பேச வெட்கப்படும் பெண், பழகிய ஆசிரியர் முன்னால்தான் முதலில் பேசுவாள்.

வெட்கம் என்றதும் இன்னொன்று சொல்லத் தோன்றுகிறது. விளவங்கோடு, கல்குளம் பக்கத்துப் பேச்சை நாகர்கோவில் வகுப்பறையில் கேலி செய்கிற பழக்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை. கடற்கரைப் பேச்சுக்கும் அதே கதி. "கொள்ளாம்" (நன்றாக இருக்கிறது) என்று ஒரு பெண் சொன்னதும் நாலு பேர் சிரித்தால் அவள் அந்தப் பருவம் முழுக்க வாயை மூடிக்கொள்வாள். தமிழ் வகுப்பிலும் பேசமாட்டாள், ஆங்கில வகுப்பிலும் பேசமாட்டாள். நல்ல மொழி ஆசிரியர்கள் முதல் வாரத்திலேயே இந்தச் சிரிப்பை நிறுத்திவிடுவார்கள். எழுத்துத் தமிழைத் திருத்தமாகக் கற்றுக்கொடுங்கள், பேச்சைத் திருத்தாதீர்கள் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து கிடையாது. பேசிப் பழகக் கல்லூரியில் வகுப்பை விட நல்ல இடங்களும் உண்டு: பட்டிமன்றம், கவியரங்கம், நாடகம், ஆண்டு மலர். மேடை ஏறிய பெண்ணுக்கு நேர்முகத் தேர்வில் கை நடுங்காது. உங்கள் வீட்டுப் பெண் எந்த மொழி எடுத்தாலும் இதில் ஒன்றிலாவது பெயர் கொடுக்கச் சொல்லுங்கள்.

இந்தி பற்றிச் சுருக்கமாக: வேண்டுமென்றால் கல்லூரிக்கு வெளியே படிக்க நல்ல வழி ஏற்கெனவே இருக்கிறது. 1918-ல் தொடங்கிய தட்சிண பாரத் இந்தி பிரச்சார சபாவின் பிராத்மிக் முதல் பிரவீண் வரையான தேர்வுகளை எழுதலாம். ஜெர்மன் மொழியையும் அப்படித்தான் சொல்வேன். நம் மாவட்டத்தில் நர்சிங் படித்த பெண்கள் பலர் ஜெர்மனிக்குப் போகப் பார்க்கிறார்கள், அதற்குப் பொதுவாகப் பி2 நிலை வேண்டும். அது முழுநேரமாகப் படித்தாலே மாதக்கணக்கில் ஆகும் உழைப்பு. கல்லூரியின் முப்பது மணி நேரச் சான்றிதழ் வகுப்பை நம்பி யாரும் இறங்க வேண்டாம். அது மொழி பிடிக்கிறதா என்று பார்க்க மட்டும் போதும்.

மலையாளத்தைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம் உண்டு. குலசேகரம் பக்கத்துப் பெண் என்றால் மலையாளம் காதில் விழுந்தே வளர்ந்திருப்பாள். 2006-ல் வந்த தமிழ் கற்றல் சட்டத்துக்குப் பிறகு, மலையாள வழிப் பள்ளிகள் உள்ள நம் எல்லைப் பகுதியிலும் தமிழ் முதல் பாடமாக வந்தது. தமிழ் கற்பது நல்லதே. ஆனால் அதோடு மலையாளம் எழுதப் படிக்கத் தெரிந்த இளம்பெண்கள் குறைந்து வருவதைப் பார்க்கிறேன், அது இந்த மாவட்டத்துக்கு நஷ்டம். நாகர்கோவிலில் இருக்கும் குளச்சல் மு. யூசுப் மலையாளத்திலிருந்து தமிழுக்குச் செய்த மொழிபெயர்ப்புக்கு 2018-ம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. இரண்டு மொழியும் கலந்து புழங்கும் ஊரில்தான் இப்படி மொழிபெயர்ப்பாளர்கள் உருவாகிறார்கள். பெண்கள் இந்தத் துறைக்கு இன்னும் நிறைய வர வேண்டும்.

அதனால் பகுதி 1 தமிழ், முதன்மைப் பாடம் அவள் விருப்பம், ஆங்கிலத்துக்குப் பிரிட்ஜ் கோர்ஸைத் தவறவிடாமல் போவது. மலையாள எழுத்தை முதலாண்டு விடுமுறையில் வீட்டிலேயே கற்றுக்கொள்ளலாம், கேட்டுப் புரிகிறவளுக்கு அது பெரிய பாரம் இல்லை. திருவனந்தபுரத்தில் மருத்துவமனை, ஐ.டி. நிறுவனம், பத்திரிகை என்று எங்கே வேலை தேடினாலும் அது கைகொடுக்கும். கல்லூரியில் சேரும் முன் மொழித்துறைக்கு நேரில் போய் இரண்டு விஷயம் கேளுங்கள்: முதலாண்டு தமிழ், ஆங்கில வகுப்பில் எத்தனை பிள்ளைகள் ஒன்றாக உட்காருகிறார்கள்? அதே ஆசிரியர் அடுத்த ஆண்டும் இருப்பாரா? வகுப்பில் எண்பது பேர் என்றால் பேச்சுப் பயிற்சிக்குப் பிரித்து உட்கார வைக்கிறார்களா என்றும் கேட்டுவிடுங்கள்.